பி.எச்.சி.யில் 152, தனியார் லேபில் நார்மல்: கர்ப்பகால சுகர் டெஸ்டில் எதை நம்புவது?

கயல்_லால்குடி (25 ஜனவரி, இரவு 9.40)

வணக்கம் தோழிகளே. முதல் கர்ப்பம், 25 வாரம் முடிந்திருக்கிறது. போன செவ்வாய் எங்கள் பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையம்) செக்கப். சாப்பிட்டு வரலாமா என்று முன்னாலேயே கேட்டிருந்தேன், தாராளமாக வாங்க என்றார்கள். நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனேன். குளுக்கோஸ் தண்ணி கொடுத்து, 2 மணி நேரம் உட்கார வைத்து ரத்தம் எடுத்தார்கள். 152. கார்டில் சிவப்பு மையில் ஜி.டி.எம்., அதாவது கர்ப்பகால நீரிழிவு என்று எழுதிவிட்டார்கள்.

வீட்டில் ஒரே கலவரம். மாமியார் சனிக்கிழமை டவுனில் ஒரு தனியார் லேபுக்குக் கூட்டிப்போனார். வெறும் வயிற்றில் 84. டிபன் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து 118. அங்கே இருந்தவர் "நார்மல்தானேம்மா, பயப்படாதீங்க" என்றார். இப்போது மாமியார் பி.எச்.சி. மெஷினே சரியில்லை என்கிறார். பொங்கல் முடிந்த கையோடு டெஸ்ட் எடுத்ததால் சர்க்கரைப் பொங்கல்தான் காரணம் என்கிறார் என் கணவர்.

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சுகர் கிடையாது, அப்பாவைத் தவிர. எதை நம்புவது?

தேனருவி (25 ஜனவரி, இரவு 10.05)

"அப்பாவைத் தவிர" என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்களே கயல். டாக்டர் முதலில் கேட்பதே அதைத்தான்.

ராஜபாண்டி60 (25 ஜனவரி, இரவு 10.31)

எங்கள் அம்மா எட்டுப் பெற்றார். ஒரு டெஸ்டும் கிடையாது, ஒரு மாத்திரையும் கிடையாது. நான் பிறந்தபோது நாலரைக் கிலோ என்று ஊரே வந்து பார்த்ததாம். இப்போது கர்ப்பமாக இருப்பதையே வியாதி ஆக்கிவிட்டார்கள். எல்லாம் லேப்காரன் பிழைக்க வழி.

லேப்_அண்ணாச்சி (26 ஜனவரி, காலை 6.15)

லேப்காரன் ஆஜர். நெல்லைப் பக்கம் பல வருஷம் ரத்தம் எடுத்துவிட்டு ஓய்வில் இருக்கிறேன். ராஜபாண்டி சார், பி.எச்.சி.யில் இந்த டெஸ்டுக்குப் பைசா வாங்குவதில்லை, அதனால் பிழைப்பு வாதம் இங்கே செல்லாது. நாலரைக் கிலோ விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

கயல் தங்கச்சி, நீங்கள் செய்தது இரண்டு வேறு டெஸ்ட். பி.எச்.சி.யில் கொடுத்தது 75 கிராம் குளுக்கோஸ், 300 மில்லி தண்ணீரில் கரைத்தது. ஐந்து பத்து நிமிஷத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே நேரம். அந்தச் சர்க்கரையை உங்கள் உடம்பு எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் கேள்வி. தனியார் லேபில் பார்த்தது நீங்கள் சாப்பிட்ட டிபனுக்கு. அன்றைக்கு எத்தனை இட்லி?

கயல்_லால்குடி (26 ஜனவரி, காலை 7.20)

இரண்டு. பயத்தில் இறங்கவில்லை அண்ணாச்சி. செவ்வாயிலிருந்தே சர்க்கரை, பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன்.

லேப்_அண்ணாச்சி (26 ஜனவரி, காலை 7.45)

அதேதான். நாலு நாள் பத்தியம் இருந்து, இரண்டு இட்லிக்கு 118 வந்தால் சாப்பாட்டைக் குறைத்தால் சுகர் அடங்குகிறது என்று அர்த்தம். அது நல்ல சேதி. ஆனால் 152 பொய் என்பதற்கு அது சாட்சி ஆகாது. பொங்கலையும் விடுங்கள், வியாழக்கிழமை தின்ற சர்க்கரைப் பொங்கல் செவ்வாய்க்கிழமை வரை ரத்தத்தில் நிற்காது.

மெஷின் பற்றி ஒரு வார்த்தை. தப்பு நடப்பது பெரும்பாலும் மெஷினில் இல்லை, அதற்கு முன்னால். 100 கிராம் பாக்கெட்டைப் பிரித்து முக்கால்வாசி என்று கண்ணளவில் கொட்டுவார்கள். நேரத்தைக் குடிக்க ஆரம்பித்ததிலிருந்து எண்ணாமல், குடித்து முடித்து டம்ளரை வைத்ததிலிருந்து எண்ணுவார்கள். நடுவில் கர்ப்பிணி வெளியே போய் ஒரு டீ குடித்து வந்திருப்பார். ரத்தத்தைச் சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுக்காமல் சாதாரணக் குழாயில் எடுத்து மதியம் வரை வைத்திருந்தால், ரத்த அணுக்களே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும். அப்போது ரிசல்ட் குறைவாக வரும், கூடுதலாக வராது. 152 உள்ள பெண்ணை அது 138 என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடும். நான் பயப்படுவது அதற்குத்தான்.

ஹரோ_வதனி (26 ஜனவரி, பகல் 1.10)

நான் லண்டனில் இருக்கிறேன், சொந்த இடம் யாழ்ப்பாணம். இங்கே எல்லாருக்கும் இந்த டெஸ்ட் செய்வதில்லை. ரிஸ்க் உள்ளவர்களுக்கு மட்டும்தான். ஆனால் தெற்காசியக் குடும்பம் என்றாலே ரிஸ்க் லிஸ்டில் வந்துவிடுவோம், மெலிந்திருந்தாலும் விடமாட்டார்கள்.

எனக்கு விளங்காதது ஒன்று. இங்கே முதல் நாள் இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் போக வேண்டும், தண்ணி மட்டும் குடிக்கலாம். வெறும் வயிற்றில் 5.6, 2 மணி நேரத்தில் 7.8, இதில் ஒன்றைத் தொட்டாலும் நீரிழிவு என்று எழுதிவிடுவார்கள். உங்கள் கணக்குக்கு 18-ஆல் பெருக்கினால் 101, 140 வரும். அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு வரச் சொல்கிறார்களா? அது எப்படிச் சரியாகும்?

நர்ஸ்_செல்வி (26 ஜனவரி, இரவு 8.50)

கிராம சுகாதார செவிலியர் வேலையில் இருக்கிறேன். வதனி அக்கா கேட்டதற்கு என் பக்கத்துப் பதில்.

சாப்பிடாமல் வா என்று சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? காலையில் ஆறு மணிக்குப் பஸ் ஏறி, எட்டரைக்கு வந்து, டோக்கன் போட்டு, வெறும் வயிற்றில் குளுக்கோஸைக் குடித்து அப்படியே வாந்தி எடுப்பார்கள். பாதிப் பேர் வழியிலேயே டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு, சாப்பிடவில்லை என்பார்கள். இன்னொரு நாள் வெறும் வயிற்றோடு வா என்றால் வரமாட்டார்கள், கூலி போய்விடும். சென்னை டாக்டர் வி. சேஷய்யாவும் அவர் கூட இருந்தவர்களும் சாப்பிட்டவர், சாப்பிடாதவர் யாராக இருந்தாலும் ஒரே தடவை 75 கிராம், 2 மணி நேரத்தில் 140 அல்லது அதற்கு மேல் வந்தால் சுகர் என்ற முறையைக் கொண்டுவந்தது இதனால்தான். டிப்சி முறை என்பார்கள். தமிழ்நாட்டில் 2007-இலிருந்து எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பார்க்க வேண்டும் என்று ஆணை வந்தது. மத்திய அரசு 2014-இல் இதே முறையை வழிகாட்டியாகப் போட்டது, 2018-இல் திருத்தியது. டாக்டர் சேஷய்யா பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் நம் நாட்டில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள்.

முதல் செக்கப்பிலேயே ஒரு தடவை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி ஒரு தடவை. இடையில் நாலு வாரமாவது இருக்க வேண்டும். குடித்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுநாள் திரும்பச் செய்வோம், அதற்கு மேல் ஆகியிருந்தால் டெஸ்டைத் தொடரலாம்.

கயல், முதல் டெஸ்டில் எவ்வளவு? கார்டில் இருக்கும் பாருங்கள்.

கயல்_லால்குடி (26 ஜனவரி, இரவு 9.15)

பார்த்தேன் சிஸ்டர். 11-ஆவது வாரத்தில் 116.

நர்ஸ்_செல்வி (26 ஜனவரி, இரவு 9.30)

பாருங்கள், அப்போது சரியாக இருந்திருக்கிறது. நஞ்சுக்கொடி வளர வளர அது சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்ய விடாது. ஆறாவது மாதத்துக்கு மேல் அது கூடும். எல்லாத் தாய்மாருக்கும் இது நடக்கும், பெரும்பாலானோருக்குக் கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும். உங்களுக்குக் கொஞ்சம் பற்றவில்லை, அவ்வளவுதான். நீங்கள் இனிப்புச் சாப்பிட்டதால் வந்தது என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

லேப்_அண்ணாச்சி (27 ஜனவரி, காலை 6.05)

வதனி அம்மா கேட்டது நியாயமான கேள்வி. செல்வி சிஸ்டர் சொன்னதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சென்னையில் டாக்டர் மோகன் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளுக்கு, சாப்பிட்ட நிலையில் ஒரு தடவை, வெறும் வயிற்றில் ஒரு தடவை என்று இரண்டு விதமாகவும் செய்து பார்த்தார்கள். வெறும் வயிற்று டெஸ்டில் சுகர் என்று வந்தவர்களில் கால்வாசி அளவுக்குத்தான் சாப்பிட்டுச் செய்த டெஸ்டில் மாட்டினார்கள். மற்றவர்கள் தப்பிவிட்டார்கள். இந்தச் சண்டை டாக்டர்களுக்குள் இன்னும் ஓயவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சண்டை, விட்டுப்போகிறவர்களைப் பற்றியது. இல்லாத சுகரை இருக்கிறது என்று சொன்னது அந்த ஆய்விலும் குறைவுதான். ஆகவே 152 வந்த பெண் "இந்த முறையே சந்தேகம்" என்று சாக்குச் சொல்ல வழியில்லை. 128 வந்த பெண், அம்மா அப்பா இருவருக்கும் சுகர் இருந்தால், டாக்டரிடம் வெறும் வயிற்று டெஸ்டும் கேட்கலாம்.

அந்த டெஸ்டில் மூன்று தடவை ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, 2 மணி நேரத்தில் 153. ஒன்று எட்டினாலே போதும், கணக்கில் வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2013-இல் ஏற்றது இதைத்தான். ஒன்பது நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளைப் பார்த்த ஹேப்போ ஆய்வு 2008-இல் வந்தது, அதிலிருந்து எடுத்த எண்கள். அந்த ஒன்பதில் இந்தியா இல்லை. அந்த ஆய்வில் தெரிந்த முக்கியமான விஷயம், இதற்குக் கீழே பத்திரம், இதற்கு மேலே ஆபத்து என்று ஒரு இடமே கிடையாது. சுகர் ஏற ஏறக் குழந்தையின் எடையும் ஏறுகிறது, சிசேரியனும் ஏறுகிறது. அந்த எல்லையை மனிதர்கள் கூடிப் பேசித்தான் வகுத்தார்கள். அதனால்தான் நாட்டுக்கு ஒரு எண்.

இப்போது ராஜபாண்டி சாரின் நாலரைக் கிலோ. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. பிள்ளை தானே இன்சுலின் சுரந்து, வந்த சர்க்கரையை எல்லாம் கொழுப்பாக்கிக்கொள்ளும். தோள் பெரிதாகிப் பிரசவத்தில் மாட்டிக்கொள்ளும். கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நிற்கும், பிள்ளையின் இன்சுலின் நிற்காது, சுகர் சட்டென்று இறங்கிவிடும். குதிகாலில் குத்திப் பார்ப்பது அதற்குத்தான். ஊர் கூடிப் பார்த்த எல்லாக் குண்டுப் பிள்ளைக்கும் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. உங்கள் அம்மாவுக்குப் பிற்காலத்தில் சுகர் வந்ததா சார்?

ராஜபாண்டி60 (27 ஜனவரி, காலை 9.50)

வந்தது. ஐம்பது வயதுக்குள். கால் விரல் ஒன்றை எடுத்தார்கள். இதற்கும் அதற்கும் முடிச்சுப் போடுவீர்கள் என்று தெரியும்.

லேப்_அண்ணாச்சி (27 ஜனவரி, காலை 10.20)

நான் போடவில்லை சார், முடிச்சு முதலிலேயே அங்கேதான் இருந்தது. இந்த டெஸ்ட் பிறந்ததே தாயின் பிற்காலத்தைக் கேட்கத்தான். 1964-இல் பாஸ்டனில் ஓசல்லிவன், மாஹன் என்று இருவர் கர்ப்பிணிகளுக்கு 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்து எண்களை வகுத்தார்கள். பிள்ளை எடையைப் பார்த்து வகுக்கவில்லை. இந்தப் பெண்களில் பின்னால் யாருக்குச் சர்க்கரை நோய் வருகிறது என்று பார்த்து வகுத்தார்கள். பிள்ளைக்கான டெஸ்டாக அது மாறியது பிறகுதான். இப்போது பிள்ளை பிறந்ததும் ஃபைலை மூடிவிடுகிறோம், தாயைப் பற்றிய கேள்வி அப்படியே கிடக்கிறது.

தேனருவி (27 ஜனவரி, பகல் 3.30)

அண்ணாச்சி எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லத் தோன்றுகிறது. எனக்கு 2016-இல் முதல் பிரசவத்தில் ஜி.டி.எம். இன்சுலின் போட்டேன். குழந்தை பிறந்த மறுநாளே ஊசியை நிறுத்திவிட்டு "சரியாகிவிட்டது" என்றார்கள். டிஸ்சார்ஜ் பேப்பரின் கடைசி வரியில் "6 வாரத்தில் ஓ.ஜி.டி.டி." என்று, அதாவது மறுபடி குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் டெஸ்ட் என்று இருந்திருக்கிறது. வாயால் யாரும் சொல்லவில்லை.

நடந்ததைப் பாருங்கள். கர்ப்பம் முழுக்க ஓசூரில் பார்த்தது. வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குத் தேனிக்கு அம்மா வீடு. ஃபைல் ஓசூரில் ஒரு டாக்டரிடம், பிரசவம் தேனியில் வேறு டாக்டரிடம். மூன்றாம் மாதம் குழந்தையோடு ஓசூருக்குத் திரும்பினேன். ஓசூர் டாக்டர் தேனியில் பார்த்திருப்பார்கள் என்று நினைக்க, தேனி டாக்டர் ஓசூரில் பார்ப்பார்கள் என்று நினைத்துவிட்டார். அந்த நாட்களில் அம்மா கொடுத்த பிரசவ லேகியம் தினமும் எலுமிச்சை அளவு, கருப்பட்டியும் நெய்யும் வழிய வழிய. அது மருந்துதான், ஆனால் கருப்பட்டியும் சர்க்கரைதானே.

2022-இல் இரண்டாவது. 8-ஆவது வாரம் முதல் செக்கப்பில் 218. 200-ஐத் தாண்டினால் அது கர்ப்பத்தால் வந்த சுகர் இல்லையாம், முன்பே இருந்ததாம். எப்போதிலிருந்து என்று யாருக்குத் தெரியும்? குழந்தையின் இதயமும் முதுகெலும்பும் உருவாவது அந்த முதல் வாரங்களில்தான், அப்போது சுகர் கூடுதலாக இருந்தால் குறைபாடு வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. 20-ஆவது வார ஸ்கேன் வரை நான் தூங்கவில்லை. பிள்ளை நன்றாக இருக்கிறான். கயல், நீங்கள் 152-ஆ 118-ஆ என்று மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, பிரசவத்துக்கு எந்த ஊர் என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

ஹரோ_வதனி (27 ஜனவரி, மாலை 6.20)

இங்கேயும் இதே கதைதான் அக்கா, ஊர் மாறாமலே. ஆஸ்பத்திரி ஜி.பி.க்கு (குடும்ப டாக்டர்) எழுதும், ஜி.பி. பிள்ளைக்கு ஊசி போட்டுவிட்டு அனுப்பிவிடுவார். நானாகக் கேட்டுத்தான் வெறும் வயிற்று டெஸ்ட் செய்தார்கள். 6 முதல் 13 வாரத்துக்குள் அது, 13 வாரத்துக்குப் பிறகு என்றால் எச்.பி.ஏ.1.சி., அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை. நாள்காட்டியில் பிள்ளையின் பிறந்த நாளோடு குறித்து வைத்திருக்கிறேன்.

கயல்_லால்குடி (27 ஜனவரி, இரவு 9.00)

அம்மா வீடு அரியலூர் பக்கம். எச்.பி.ஏ.1.சி. என்றால் மூன்று மாதச் சராசரிதானே? சாப்பாட்டுக் கட்டுப்பாடே வேண்டாமே, கர்ப்பத்திலேயே அதைப் பார்த்துவிட்டால் என்ன?

லேப்_அண்ணாச்சி (27 ஜனவரி, இரவு 9.25)

கர்ப்பத்தில் அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. ரத்த அணுக்கள் சீக்கிரம் மாறிக்கொண்டிருக்கும், நம் பெண்களுக்கு ரத்தசோகை வேறு. பிரசவத்தில் ரத்தம் போயிருந்தால் அதற்குப் பிறகும் சில வாரம் எண் தப்பாகக் காட்டும். 6 வாரத்தில் குளுக்கோஸ் தண்ணிதான் சரி.

ராஜபாண்டி60 (27 ஜனவரி, இரவு 10.10)

சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள். என் மருமகளும் முழுகாமல் இருக்கிறாள். சுகருக்கு நல்லது என்று ராகிக் கூழ் கொடுக்கலாமா?

தேனருவி (27 ஜனவரி, இரவு 10.40)

வாங்க சார் வழிக்கு! கூழ் வேண்டாம். ராகி நல்லதுதான், ஆனால் மாவாக அரைத்துக் குழைய வேகவைத்துக் குடித்தால் விறுவிறுவென்று ஏற்றிவிடும். எனக்குக் கூழ் குடித்த அன்றைக்கு 170, அதே ராகியில் அடை, கூடவே முருங்கைக்கீரை என்றால் 125. கஞ்சி, ஜூஸ் இரண்டும் அப்படித்தான். கொய்யாவைக் கடித்துச் சாப்பிடலாம், ஜூஸாகக் குடிக்கக் கூடாது.

சாதத்தை நிறுத்த வேண்டாம். முதலில் பொரியலும் சுண்டலும் தட்டில் பாதி, அதற்குப் பிறகு சாதம். ஒரே வேளையில் நாலு இட்லிக்குப் பதில் காலையில் இரண்டு, பத்தரைக்கு சுண்டலோ மோரோ. சாப்பிட்டதும் மொட்டை மாடியில் ஒரு கால் மணி நேரம் நடந்தாலே எண் இறங்கும். டாக்டர் நடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தால் மட்டும் வேண்டாம். பட்டினி கிடக்கவே கூடாது, கயல் செய்தது போல.

மட்டுறுத்துநர் (28 ஜனவரி, காலை 8.00)

இழை நன்றாகப் போகிறது. ஒரு வேண்டுகோள்: மெட்ஃபார்மின், இன்சுலின் அளவுகளை யாரும் இங்கே எழுத வேண்டாம். தனிமடலில் கேட்பதும் வேண்டாம்.

கயல்_லால்குடி (12 பிப்ரவரி, மாலை 5.30)

எல்லாருக்கும் நன்றி. பி.எச்.சி. டாக்டரிடமே திரும்பிப் போனேன். தனியார் ரிப்போர்ட்டையும் காட்டினேன், திட்டவில்லை. இரண்டு வாரம் சாப்பாட்டில் மட்டும் பாருங்கள், சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120-க்குக் கீழ் இருந்தால் மருந்து வேண்டாம் என்றார். செவ்வாய்க்கிழமை 112. வளைகாப்புக்கு ஏழு வகைச் சாதம் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டிதான் என்று மாமியாரே அறிவித்துவிட்டார்!

நர்ஸ்_செல்வி (12 பிப்ரவரி, இரவு 8.15)

சந்தோஷம். அம்மா வீட்டுக்குப் போகும் முன் கார்டின் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பிரசவத்துக்குப் போகும் இடத்தில், கேட்காவிட்டாலும், ஜி.டி.எம். என்று முதலில் சொல்லுங்கள்.

6 வார டெஸ்டுக்கு நான் சொல்லும் ஒரே வழி: குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி போட எப்படியும் போவீர்கள். அதே நாளில் நீங்களும் வெறும் வயிற்றோடு போங்கள். இதற்கென்று தனியாக இன்னொரு நாள் போகலாம் என்று நினைத்தால் போக மாட்டீர்கள், நான் பார்த்தவரை யாரும் போவதில்லை. 2 மணி நேரம் குழந்தையோடு உட்கார முடியாது என்றுதான் பாதிப் பேர் எழுந்து போவார்கள், அதனால் அம்மாவையோ அக்காவையோ கூட்டிப்போங்கள். நடுவில் பால் கொடுக்கத் தடையில்லை. 2 மணி நேரத்தில் 140-க்குக் கீழ் நார்மல், 200 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய், இடையில் இருந்தால் எச்சரிக்கை. வெறும் வயிற்றில் 126 வந்தாலும் சர்க்கரை நோய்தான்.

கயல்_லால்குடி (10 ஜூன், பகல் 2.20)

இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன். ஏப்ரல் கடைசியில் பெண் குழந்தை, 2.9 கிலோ, சுகப்பிரசவம். நேற்று முன்தினம் அரியலூர்ப் பக்கம் ஊசி போடப் போன இடத்தில் டெஸ்ட் கேட்டேன். "பிறந்துதான் முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு?" என்றார் அங்கே இருந்த ஒருவர். போனில் இருந்த கார்டுப் படத்தைக் காட்டினேன், செய்துவிட்டார்கள். வெறும் வயிற்றில் 94. 2 மணி நேரத்தில் 151.

கொஞ்சம் அழுதேன். சரியாகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

லேப்_அண்ணாச்சி (10 ஜூன், மாலை 4.00)

வாழ்த்துகள் தங்கச்சி. 151 சர்க்கரை நோய் இல்லை, நார்மலும் இல்லை. கர்ப்பகாலச் சுகர் வந்த பெண்ணுக்குப் பின்னால் டைப் 2 வரும் வாய்ப்பு, வராத பெண்ணைவிடப் பத்து மடங்கு அளவுக்கு என்று 2020-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். வாய்ப்புதான், விதி இல்லை. அமெரிக்காவில் நடந்த பெரிய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், முன்பு ஜி.டி.எம். வந்து உங்களைப் போல இடைநிலையில் இருந்த பெண்களுக்கு எடைக் குறைப்பும் நடையும், தனியே மெட்ஃபார்மினும், ஒவ்வொன்றும் பாதி அளவுக்குத் தடுத்தன. பால் கொடுப்பதும் உதவும். எந்த டாக்டரிடம் போனாலும் இந்த 151-ஐச் சொல்லுங்கள், பல் பிடுங்கப் போனாலும்.

தேனருவி (10 ஜூன், மாலை 4.45)

அழுது முடித்துவிட்டு லேகியம் டப்பாவை அம்மாவிடம் திருப்பிக் கொடுங்கள். வருஷா வருஷம் டெஸ்ட். அடுத்த குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே, நாள் தள்ளிப்போகும் முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எனக்குக் கிடைக்காத சௌகரியம் அது.

ராஜபாண்டி60 (10 ஜூன், இரவு 8.30)

வாழ்த்துகள் அம்மா. மருமகளுக்கு 26 வாரத்தில் 131 வந்தது. எனக்கும் சுகர், அவள் அப்பாவுக்கும் சுகர். அண்ணாச்சி சொன்னபடி வெறும் வயிற்று டெஸ்டும் எழுதி வாங்கியிருக்கிறோம். குளுக்கோஸை லேபிலேயே தருவார்களா, நாம் வாங்கிப்போக வேண்டுமா?

லேப்_அண்ணாச்சி (10 ஜூன், இரவு 8.55)

சார், உங்கள் சுகர் கணக்கில் வராது, அவள் அப்பாவுடையது வரும். குளுக்கோஸ் சில லேபில் தருவார்கள், சில இடத்தில் வாங்கிவரச் சொல்வார்கள். வாங்கினால் 75 கிராம் என்று அச்சடித்த பாக்கெட்டாகப் பாருங்கள். 100 கிராம்தான் கிடைத்தால் பிரிக்காமல் கொண்டுபோய் அவர்கள் தராசிலேயே நிறுக்கச் சொல்லுங்கள்.